கல்வெட்டு முகவரியும் உலாவி முகவரியும்: முழுமை, சுருக்கம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழமண்டலக் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. பெரிய கோயில் அமைந்த இடத்தையே அக்கோயிற் கல்வெட்டு பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் எனச் சுட்டுகிறது. தலைநகருக்கே மூன்றடுக்கு முகவரி வேண்டியிருந்தது. ஒரே பெயருடைய ஊர்கள் பலவாக இருந்த காவிரிப் படுகையில், எந்த ஊரின் நெல் எந்தக் கோயிலுக்கு உரியது என்பதை அம்முழு முகவரியே ஐயமற உரைத்தது.

அதன் பயன் அன்றோடு முடியவில்லை. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் ஆய்வில் நாடுகளின் எல்லைகளை வரைய முடிந்தது, கல்வெட்டுகள் ஊரை நாட்டோடும் நாட்டை வளநாட்டோடும் சேர்த்தே பொறித்தமையால்தான். மண்ணி நாடு இராசராசன் காலத்தில் இராசேந்திரசிங்க வளநாட்டில் அடங்கியிருந்தது. பின்னர் விருதராசபயங்கர வளநாட்டுக்குரியதாகச் சுட்டப்பெற்றது. பின்னது முதலாம் குலோத்துங்கனின் விருதுப்பெயர். ஆகவே, மிகை எனத் தோன்றும் மேலடுக்கே கல்வெட்டின் காலத்தைக் கணிக்கத் துணைநிற்கிறது.

முகவரியை முழுதும் காட்டுவதா, சுருக்குவதா என்னும் இவ்வினாவை இன்றைய இணைய உலாவிகளும் எதிர்கொண்டுள்ளன. குரோம் 2010இல் 'எச்டிடிபி' என்னும் முன்னொட்டை மறைத்தது. ஆப்பிளின் சஃபாரி 2013இல் கைப்பேசியில் களப்பெயரை மட்டும் காட்டத் தொடங்கியது. 2020இல் குரோமும் அதனைச் சோதித்தது. முகவரியின் பிற்பகுதியில் புகழ்பெற்ற நிறுவனப் பெயரொன்றைப் புகுத்தியபோது பயனர்களுள் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஏமாந்தனர் என்னும் ஆய்வு முடிவு அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. எனினும் பாதுகாப்பு அளவீடுகளில் மாற்றம் காணப்படாமையால் 2021இல் அச்சோதனை கைவிடப்பட்டது.

பயனர் ஏமாறுவது முகவரியின் நீளத்தால் மட்டுமன்று, அதன் வரிசையாலும் ஆகும் என்பது என் கருத்து. கல்வெட்டு முகவரி பெரிதிலிருந்து சிறிதிற்கு இறங்குகிறது. இணைய முகவரியிலோ களப்பெயர் சிறிதிலிருந்து பெரிதிற்கு ஏறி, சாய்கோட்டிற்குப் பின் மீண்டும் இறங்குகிறது. உரியவரைச் சுட்டும் பகுதி நடுவில் புதைந்துள்ளது. 1980களில் பிரித்தானியக் கல்வி வலையமைப்பு கல்வெட்டைப் போலவே பெரியதை முன்வைத்து எழுதியது, அம்மரபு நிலைக்கவில்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்சு-லீயும் அவ்வரிசையே மேலாக இருந்திருக்கும் எனப் பின்னர் எழுதினார்.

படுகையின் உழவர் ஒருவர் கைப்பேசியில் பட்டா பார்க்கும் நிலையை எண்ணலாம். அரசுத் தளத்தின் பெயர் 'டிஎன்.ஜிஓவி.இன்' என முடியும். போலித்தளம் அதே எழுத்துகளை முன்னால் நிறுத்தித் தன் உண்மைப் பெயரைப் பின்னால் வைக்கலாம். குறுகிய திரையில் முற்பகுதி மட்டுமே தெரியுமாயின், முழு முகவரி என்பதே பொறியாகிவிடும். இவருக்குக் களப்பெயரைத் தனித்துக் காட்டுவது காவலாகும்.

ஆய்வாளரின் தேவை வேறு. மின்னூலகம் ஒன்றன் களப்பெயரை மட்டும் அறிவது, பாண்டியகுலாசனி வளநாடு என்று மட்டும் கேட்டு ஊரைத் தேடுவதற்கு ஒப்பாகும். படியெடுத்தால் முழு முகவரி கிடைக்குமே எனலாம். ஆயினும் திரைப்படமாகச் சேமித்த சான்றில் கண்ணுக்குத் தெரிந்ததே எஞ்சும். எனவே களப்பெயரை அழுத்தமாகவும் ஏனையவற்றை மங்கலாகவும் முழுமையாகக் காட்டும் முறையே இருசாரார்க்கும் ஏற்புடையது எனக் கருதுகிறேன்.

தமிழுக்கு இதிலும் ஓர் இடர் உண்டு. முகவரிப்பட்டையில் 'தஞ்சாவூர்' என ஐந்தெழுத்தாகத் தெரியும் சொல், பல உலாவிகளில் படியெடுத்து ஒட்டும்போது விழுக்காட்டுக் குறியும் எண்களும் உரோம எழுத்துகளும் கலந்த 81 குறிகளாக மாறுகிறது. நம் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் அச்சேறுவன பெரும்பாலும் இக்குறிகளே. மெய்ப்பில் ஒன்று விடுபட்டாலும் அப்பக்கத்தை அடைய இயலாது.