லண்டனில் தேடிய கோட்டையூர்க்காரர்

போன மாதம் சின்னமனூர் போயிருந்தேன். மெயின் ரோட்டில் எங்கள் காலத்து ஸ்டுடியோ ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் நாலு சாக்கு மூட்டை. எட்டிப் பார்த்தால் அத்தனையும் நெகட்டிவ்!

“என்னண்ணே இது?”

“வாங்க தம்பி. முப்பது வருசத்துக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் சைஸு... அம்புட்டும் இதுக்குள்ளதான் கெடக்கு. இனிமே யாரு வந்து கேக்கப்போறா? பழைய சாமான்காரன் எடுத்துக்கிறேன்னான். குடுத்துவிட வேண்டியதுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. உத்தமபாளையத்தில் பி.காம். சேர்வதற்காக நான் விறைத்துக்கொண்டு உட்கார்ந்து எடுத்த போட்டோவின் நெகட்டிவும் அந்த மூட்டைகளில் ஏதோ ஒன்றில்தான் இருந்தாக வேண்டும். “ரெண்டு நாள் பொறுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி பூராவும் எனக்கு ஞாபகத்தில் வந்துகொண்டே இருந்தவர் ஒரு செட்டியார்.

செட்டியார் கதைக்குப் போகும் முன்னால் கொஞ்சம் கணக்கு. காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருப்புக் கொள்ளாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனில் ஒரே நிமிஷத்தில் நூறு படம் எடுத்துவிடுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம், அவ்வளவுதான். ரோல் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரின்ட் போடக் காசு. கண்ணை மூடிவிட்டார்களா, தலை வெட்டுப்பட்டதா என்பது கழுவி வந்த பிறகுதான் தெரியும். கேமராவைக் கண்ணில் வைத்தவன் விரலை அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிப்பான். யோசிக்க வைத்தது கலை மட்டுமல்ல ஐயா, பர்ஸும்தான்!

அந்த 36 பட ரோலின் நீளம் சுமார் ஐந்தரை அடி. அதுவும் சினிமாவிலிருந்து வந்த சரக்குதான். சினிமாவுக்கு ஓடிக்கொண்டிருந்த 35 மி.மீ. ஃபிலிமை ஒரு சின்னக் கேமராவுக்குள் அடக்கி, 1925-ல் ஜெர்மனியில் ‘லைக்கா’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உலகம் முழுக்க போட்டோக்காரர்கள் தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

அப்படிக் கிளம்பியவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. ஏ.கே.செட்டியார். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். பிறந்தது 1911. செட்டிநாட்டுப் பையன் கடல் தாண்டினால் வட்டிக்கடைக்குத்தான் போவான் என்றிருந்த காலத்தில், இவர் டோக்கியோவுக்குப் போய் போட்டோகிராஃபி படித்தார். அது போதாதென்று நியூயார்க்குக்கும் போய்ப் படித்தார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1937, அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருக்கிறார் செட்டியார். அன்று காந்தி பிறந்த நாள். சுற்றிலும் அட்லாண்டிக் தண்ணீர். அப்போதுதான் அந்த யோசனை வந்தது: காந்தியைப் பற்றி ஒரு முழுநீள டாக்குமெண்டரி எடுத்தால் என்ன?

வயது இருபத்தாறு கூட நிரம்பவில்லை. கையில் பெரிய மூலதனம் கிடையாது. இந்தியாவில் வெள்ளைக்காரன் ஆட்சி. படத்தின் நாயகனோ அந்த வெள்ளைக்காரனையே எதிர்த்து நிற்கிறவர். தவிர, காந்திக்கு அப்போது 68 வயது. கடந்துபோன வருஷங்களை இனிமேல் யார் கேமராவில் பிடிப்பது? ஒரே வழிதான் இருந்தது. ஏற்கெனவே யார் யாரோ, எங்கெங்கோ எடுத்து வைத்திருப்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேடுதல் வேட்டையின் முக்கியமான இடம் லண்டன்!

ஏன் லண்டன்? காந்தி அந்த நகரத்தில் இரண்டு தடவை முக்கியமாக வாழ்ந்திருக்கிறார். முதல் தடவை 1888 முதல் 1891 வரை, சட்டம் படிக்கிற பையனாக, கோட்டும் சூட்டுமாக. அப்போது சினிமாவே பிறக்கவில்லை. அதற்கப்புறம் 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு, இடுப்பில் முழங்கால் வரை கதர் வேட்டியோடு போய் இறங்கினார். பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு, கிழக்கு லண்டனின் ஏழைகள் பகுதியான ‘போ’வில், மியூரியல் லெஸ்டர் நடத்திய கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். மொட்டைமாடியில் ஒரு சின்ன அறை. இருட்டு விலகும் முன்பே எழுந்து தெருக்களில் வேக நடை. கூடவே மூச்சு வாங்க ஓடி வர இரண்டு ஸ்காட்லாந்து யார்டு போலீஸ்காரர்கள்!

கேமராக்காரர்கள் விடுவார்களா? தெருப் பிள்ளைகளோடு காந்தி, சார்லி சாப்ளினோடு காந்தி, லங்காஷயரில் மில் தொழிலாளிப் பெண்களுக்கு நடுவில் காந்தி. கதர் இயக்கத்தால் வேலை போன ஊர் அது. அந்த ஊர்ப் பெண்களே அவரைச் சுற்றி நின்று சிரித்துக் குரல் கொடுக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் உலகத்தில் அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட மனிதர்களில் அவரும் ஒருவர்.

இதையெல்லாம் எடுத்தவை நியூஸ்ரீல் கம்பெனிகள். டி.வி. வராத காலம். சினிமாத் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் செய்திப் படம் ஓடும். வாரத்துக்கு இரண்டு தடவை புதுச் சரக்கு. கம்பெனிகளின் வியாபாரம் பூராவும் சோஹோ பகுதியில், வார்டூர் தெருவிலும் அதன் பக்கத்திலும். லண்டனின் கோடம்பாக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வந்துவிட்டால் போன வாரச் செய்தி செத்த சரக்கு. சுருட்டி டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

லண்டனுக்கு வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்ப்பார்கள், பாலத்தைப் பார்ப்பார்கள், அரண்மனை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கேமரா படித்த செட்டியார் அங்கே தேடியது, ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருக்களில் நடந்துபோன ஒரு மனிதரின் நிழலை. அதுவும் அடுத்தவன் எடுத்த ஃபிலிமில்!

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் ‘நைட்ரேட்’ என்ற பொருளில் செய்தது. வெடிமருந்துக்குச் சொந்தக்காரன். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை அதுவே தயாரித்துக்கொள்ளும். எரியாமல் தப்பினாலும் சும்மா இருக்காது. ஈரமும் சூடும் பட்டால் பிசுபிசுத்து, கட்டிதட்டி, கடைசியில் பொடியாகிப் போகும். ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது என்று அதைக் கழுவி எடுக்கிறவர்கள் வேறு. இதையெல்லாம் தாண்டி மிஞ்சியதைத்தான் செட்டியார் தேடினார்.

தேடினார், தேடினார், நான்கு கண்டங்களில் தேடினார். சுமார் நூறு கேமராக்காரர்கள் முப்பது வருஷ காலத்தில் எடுத்த துண்டுகள். மொத்தம் 50,000 அடி ஃபிலிம் சேர்ந்தது. மறுபடியும் நம் கணக்குக்கு வருவோம். 35 மி.மீ. சினிமா ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 படம். அப்படியானால் எட்டு லட்சம் படம்! பேசும்பட வேகத்தில் ஓட்டினால் ஒன்பதே கால் மணி நேரம். நம்ம ஸ்டுடியோ ரோல் கணக்கில் ஒன்பதாயிரம் ரோலுக்கு மேல். இதில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுசாக வைத்துக்கொள்ளவில்லை. வெட்டி, ஒட்டி, 12,000 அடியில் படத்தை முடித்தார். ‘டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்’ என்று முறையாகக் கம்பெனி வைத்தே இதைச் செய்தார் என்பதைப் படித்தபோது, ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்கு அவர் மேல் மரியாதை இன்னும் ஒரு படி கூடியது.

1940, ஆகஸ்ட் 23. சென்னையில் படம் வெளியானது. தமிழில்! மகாத்மாவைப் பற்றிய முதல் முழுநீள டாக்குமெண்டரியைத் தமிழ் பேசவைத்தார் ஒரு கோட்டையூர்க்காரர்.

இந்தத் தேதியைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 15 நாள் கழித்து, செப்டம்பர் 7-ம் தேதி, ஹிட்லரின் விமானங்கள் லண்டன் மேல் பெரிய அளவில் குண்டு போட ஆரம்பித்தன. முதல் அடி எங்கே விழுந்தது தெரியுமா? கிழக்கு லண்டனில். துறைமுகமும் தொழிலாளர் குடியிருப்புகளும் பற்றி எரிந்தன. மாதக்கணக்கில் குண்டு விழுந்தது. காந்தி தங்கிய கிங்ஸ்லி ஹால் இன்றும் நிற்கிறது. ஆனால், அதைச் சுற்றி அவர் விடிகாலையில் நடந்துபோன அந்தப் பழைய கிழக்கு லண்டனில் எவ்வளவோ போய்விட்டது. செட்டியார் இரண்டு, மூன்று வருஷம் தாமதமாகக் கிளம்பியிருந்தால்? யுத்தம் நடக்கிற லண்டனில், காந்தி படம் வேண்டும் என்று ஓர் இந்தியர் போய் நின்றால் யார் டப்பாவைத் திறந்திருப்பார்கள்?

நூலிழையில் தப்பித்தது என்று சந்தோஷப்படலாம். அந்த சந்தோஷத்தைக் கெடுக்கிற மாதிரிதான் மீதிக் கதை.

சுதந்திரம் வந்தது. 1953-ல் படத்தின் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளியானது. செட்டியார் ‘குமரி மலர்’ பத்திரிகையை 1943-ல் ஆரம்பித்து, கடைசி வரை நடத்தி, 1983-ல் கண்ணை மூடினார். படம்? 1940-ல் தமிழர்கள் தியேட்டரில் பார்த்த அந்த முழுப் படம் காணாமல் போய்விட்டது. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி விடாமல் தேடியதில், ஆங்கில வடிவத்தின் பிரதி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது. செட்டியார் லண்டனில் தேடியதை, நாம் அமெரிக்காவில் தேட வேண்டியதாகிவிட்டது!

நல்லவேளை, படம் எடுத்த கதையை அவர் எழுதி வைத்திருந்தார். ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று 2003-ல் அது புத்தகமாக வந்தது. ஃபிலிம் போனது, காகிதம் மிஞ்சியது.

செட்டியார் படத்துக்கு மட்டும் நடந்த கதையா இது? தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. இன்று ஓட்டிப் பார்க்க ஓர் அடி கிடையாது. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் ‘கீசக வதம்’, அதுவும் போச்சு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். அதற்குள் எத்தனை டப்பா பொடியாகியிருக்கும்? எத்தனை வெள்ளிக்காகக் கழுவப்பட்டிருக்கும்? ஊட்டியில் ‘இந்து’ என்ற பெயரில் நாமே ஃபிலிம் தயாரித்த தொழிற்சாலையும் இப்போது மூடிக் கிடக்கிறது. எடுக்கத் தெரிந்தது நமக்கு. எடுத்து வைக்கத்தான் தெரியவில்லை.

தெரியவில்லை என்று ஒரேயடியாகவும் சொல்ல முடியாது. எங்கள் சின்னமனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார் பெருமையாகச் சொல்வார்: பாண்டியர் வரலாற்றை எழுத உட்காருகிறவர் யாராக இருந்தாலும் சின்னமனூர்ச் செப்பேடுகளைத் தொடாமல் எழுத முடியாது. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் சொல்கிற செப்பேடு எங்கள் ஊரில் கிடைத்ததுதான். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. செம்பில் வெட்டியவனுக்கு, இது நாளைக்கு வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அது ராஜா கொடுத்த தானம். வெட்டி வைக்க ஆள் இருந்தது. ஸ்டுடியோ வாசல் மூட்டைகளில் இருப்பது யார்? வாழைத்தார் சுமந்தவரின் கல்யாணம். நாற்று நட்டவரின் மகள் சடங்கு. முல்லையாற்றங்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குரூப் போட்டோ. இவர்களுக்குச் செப்பேடு யார் வெட்டுவார்கள்? இந்த ஃபிலிம்தான் இவர்களின் செப்பேடு.

மூன்றாம் நாள் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனேன். மூட்டை நாலில் இரண்டு போய்விட்டிருந்தது. “சொல்லிட்டுப் போனீங்க, ஆனா அவன் வண்டியோட வந்து நின்னுட்டான் தம்பி” என்றார் அண்ணன், தலையைச் சொறிந்துகொண்டு. மீதி இரண்டை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ‘குப்பையைக் காசு கொடுத்துக் கொண்டுவந்த ஒரே மனுஷன்’ என்று வீட்டில் பட்டம் கிடைத்தது. ராத்திரி ட்யூப் லைட்டுக்கு நேராக ஒரு துண்டைப் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு முகம் வெளுப்பாக, வெளுத்த முடி கறுப்பாக, யாரோ ஒரு பாட்டி பொக்கைவாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். யார் வீட்டுப் பாட்டியோ! அவர் பேரன் எங்கேயோ இந்தப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

என் பி.காம். போட்டோ இன்னும் அகப்படவில்லை. போன இரண்டு மூட்டையில் இருந்ததோ என்னவோ.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பிளாஸ்டிக் பையில் நெகட்டிவ் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். தகரக் கூரைச் சூடும் ஈரமும் அதற்கு எமன். வினிகர் வாடை அடித்தால் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை முதலில் தனியாகப் பிரித்து வையுங்கள். மற்றதைக் காகித உறையில் போட்டு, காய்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முடிந்தால் ஸ்கேன் செய்யுங்கள். உறையின் மேல் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பேனாவால் எழுதுங்கள்.

அந்த எழுத்து முக்கியம். செட்டியார் விஷயத்தில் மிஞ்சியது அதுதான்.