214(பி): பேங்க் பேலன்ஸில் இல்லாத விடை

"பேங்க் பேலன்ஸ் எவ்வளவு காட்டினா அமெரிக்க விசா கிடைக்கும்?" ஆபீஸ்ல யாராவது மாமனார் மாமியாரைக் கூப்பிடும்போதும், பையனை எம்.எஸ். படிக்க அனுப்பும்போதும் இந்தக் கேள்வி வந்துடும். சட்டத்தில் அப்படி ஒரு தொகை இருக்கான்னு தேடப்போய் 1952-ல் போய் நின்றேன்.

ஜனாதிபதி ட்ரூமன் வீட்டோ செய்தும் அதை மீறி அமெரிக்கக் காங்கிரஸ் அந்த வருஷம் நிறைவேற்றியது குடியேற்ற, குடியுரிமைச் சட்டம். அதன் 214(பி) பிரிவு சொல்வது இதுதான்: தற்காலிக விசா கேட்டு வருபவர் உண்மையில் குடியேற வருபவர் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று தூதரக அதிகாரி திருப்தி அடையும்படி நிரூபிப்பது அவர் பாடு. எங்க தொழில் பாஷையில், டீஃபால்ட் வேல்யூவே 'குடியேறி'. படிப்புச் செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்டணும்தான், ஆனா அது தனிக் கணக்கு. சுற்றுலா விசா, மாணவர் விசா இரண்டின் வரையறையிலும், கைவிடும் எண்ணமில்லாத வீடு வெளிநாட்டில் இருக்கணும் என்று உண்டு. வீட்டுப் பத்திரத்தைக் காட்டலாம். எண்ணத்தை எப்படிக் காட்டறது?

மாணவர்கள் ஆரம்பத்திலிருந்தே இந்தப் பக்கம் இல்லை. 1924 சட்டத்தில் அவங்க கோட்டாவுக்கு வெளியே வரும் குடியேறிகள் பட்டியலில் இருந்தாங்க. 1952-ல்தான் 'திரும்பிப் போகவேண்டியவர்' ஆனாங்க.

சரி, அதிகாரி எதைப் பார்த்துத் திருப்தி அடைவார்? அதை வெளியே கொண்டுவந்தது ஓல்சன் எதிர் ஆல்பிரைட் வழக்கு. ஓல்சன் பிரேசிலின் சாவோ பாலோ தூதரகத்தில் விசா அதிகாரி. அங்கே விண்ணப்பத்தில் எழுத 'எல்பி', 'டிபி', 'எல்ஆர்' என்று சுருக்கக் குறிகள் இருந்தன. பார்த்தால் ஏழை, பேச்சில் ஏழை, பார்க்க முரடு! பேரைப் பார்த்து கொரியர், சீனர் என்று தெரிஞ்சா சந்தேகம் இன்னும் கூடும். இந்த வழிமுறைப்படி நடக்க மறுத்தவருக்கு வேலை போச்சு. 1997-ல் நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின் இந்த முறையைக் கண்டித்து, பணிநீக்கத்தை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார்.

கவனிச்சீங்களா, கோர்ட்டுக்குப் போக முடிந்தது வேலை இழந்த அதிகாரியால்தான். விசா மறுக்கப்பட்டவருக்கு அந்த வாசல் அநேகமா மூடியே இருக்கு. பெல்ஜிய மார்க்சியப் பொருளாதார அறிஞர் எர்னஸ்ட் மாண்டலுக்கு அமெரிக்காவில் பேச அனுமதி மறுக்கப்பட்ட வழக்கில், அரசு நியாயமான ஒரு காரணம் சொன்னாலே போதும், அதற்கு மேல் துருவ மாட்டோம்னு 1972-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மறுபடி பணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

எங்க ஆபீஸ்ல முக்கால்வாசிப் பேர் அமெரிக்கா போனது எச்-1பி-யிலும் எல்-1-லும். அந்த இரண்டுக்கும் 214(பி) அனுமானத்திலிருந்து 1990-ல் காங்கிரஸ் விலக்கு கொடுத்துடுச்சு. திரும்பி வருவியான்னு எங்களை நிரூபிக்கச் சொல்லும் சட்டம் இல்லை. பேரனைப் பார்க்க மூணு மாசம் போகிற அம்மாதான் நிரூபிக்கணும்.