நிறைவேறியது சான்றாகுமா? தீர்க்கதரிசன வாதம், காஷ்மீரி கேட் முதல் ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை

விவிலியம் கடவுள் அருளிய நூல் என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளுள் தீர்க்கதரிசனத்துக்குத் தனி இடம் உண்டு. அற்புதங்களைக் கண்டவர்கள் மறைந்துவிட்டார்கள். தீர்க்கதரிசனம் எழுத்தில் இருக்கிறது, அதன் நிறைவேற்றம் வரலாற்றில் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் இயலும் என்பது இந்த வாதத்தின் வலிமை. 2ஆம் நூற்றாண்டின் ஜஸ்டின் முதல் 17ஆம் நூற்றாண்டின் பாஸ்கல் வரை பலர் இதைத் தலையாய சான்றாகக் கருதினர். இந்த வாதத்தை ஏற்கவோ தள்ளவோ முனையும் பெரும்பாலான எழுத்துகள் தனித்தனி வசனங்களின் கணக்கில் நின்றுவிடுகின்றன: இது நிறைவேறியதா, அது நிறைவேறவில்லையா என்பதோடு முடிகின்றன. கேள்வி அதற்கும் முந்தியது. ஒரு முன்னறிவிப்பு நிறைவேறியது என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் நூலின் ஆசிரியர் யார் என்பது நிறுவப்படுமா? நிறுவப்படாது என்பது என் முடிபு. இதை வெளியிலிருந்து வந்த ஐயமாக மட்டும் நான் கொள்ளவில்லை. விவிலியமே இதை அறிந்து எழுதியிருக்கிறது.

தில்லியில் இந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடித்துக் கரிமீனும் மரவள்ளிக்கிழங்கும் வாழையிலையும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வரும் மலையாளி, தமிழ், வடகிழக்குக் குடும்பங்களோடு பேச்சு வளர்ந்தால், ஏசாயாவின் 53ஆம் அதிகாரமோ இஸ்ரேல் நாடு 1948இல் பிறந்ததோ சான்றாக வந்து நிற்கும். சொல்பவர்கள் கற்றவர்கள், ஊர் விட்டு ஊர் வந்து, தம் நம்பிக்கைக்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் வாழ்பவர்கள். அவர்களுடைய வாதத்தை எளிதாக ஒதுக்குவது முறையன்று. அந்த வாதத்துக்கு இந்த நகரத்திலேயே ஒரு முன்வரலாறு இருக்கிறது என்பதும் பெரும்பாலும் மறந்துபோயிற்று.

ஐ.என்.ஏ. நிலையத்திலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் வடக்கே சென்றால் காஷ்மீரி கேட். அங்குள்ள புனித ஜேம்ஸ் ஆலயத்தில் 1852 ஜூலையில், தில்லி கல்லூரியின் கணித ஆசிரியர் மாஸ்டர் ராமச்சந்திராவும் உதவி மருத்துவர் சிம்மன் லாலும் திருமுழுக்குப் பெற்றனர். நகரம் கொந்தளித்தது. பாரசீக மொழியில் வெளிவந்திருந்த ‘மீசானுல் ஹக்’ என்ற நூலின் ஆசிரியரான ஜெர்மானிய மிஷனரி கார்ல் கோட்லீப் ஃபாண்டர் அப்போது வடஇந்தியாவில் பெயர்பெற்ற வாதி. அவருக்கு மறுமொழி சொல்ல, தில்லிக்கு வடக்கேயுள்ள கைரானாவைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லா முன்வந்தார். 1854 ஏப்ரல் 10, 11 நாட்களில் ஆக்ராவில் இருவரும் மக்கள் முன் வாதிட்டனர். ரஹ்மத்துல்லாவுக்குத் துணையாக டாக்டர் வசீர் கான் இருந்தார். ஐரோப்பியர் எழுதிய விவிலிய விமர்சன நூல்களை அவர் கையில் வைத்திருந்தார். நூலின் சில இடங்களில் படியெடுத்தோரின் பிழைகள் நுழைந்துள்ளன என்பதை ஃபாண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வாதம் இரண்டே நாளில் முறிந்தது. முகமது நபியின் நபித்துவம் என்ற தலைப்பு பேசப்படவே இல்லை.

பேசப்படாத அந்தத் தலைப்புதான் இங்கு முக்கியம். 1857 கிளர்ச்சிக்குப் பின் நாடு துறந்து மக்காவில் குடியேறிய ரஹ்மத்துல்லா, 1864இல் இஸ்தான்புல்லில் வெளியிட்ட ‘இஸ்ஹாருல் ஹக்’ நூலில் அதை விரிவாக எழுதினார். உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசி சகோதரர் நடுவிலிருந்து எழுவார் என்று வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் அதை இயேசுவுக்கு உரியதாக வாசிக்கிறது. ரஹ்மத்துல்லா முகமது நபிக்கு உரியதாக வாசிக்கிறார்: இஸ்ரவேலரின் சகோதரர் இஸ்மவேலின் வழியினர், சட்டம் தந்து, சமூகத்தை ஆண்டு, இயல்பாக இறந்தவர் என்ற வகையில் மோசேயை ஒத்தவர் நபியே என்பது அவர் வாதம். இரண்டு வாசிப்பும் ஒரே முறையில் கட்டப்பட்டவை. முதலில் நிறைவேறியதாக நம்பும் நிகழ்வு வாசகரிடம் இருக்கிறது, பிறகே வசனம் அதற்குப் பொருந்துகிறது. ஃபாண்டர் தரப்பில் நின்று ரஹ்மத்துல்லாவின் வாசிப்பை மறுக்கும் ஒருவர், சூழலைப் பார், அக்காலத்துக் கேட்போர் என்ன விளங்கிக்கொண்டிருப்பர் என்று பார் என்பார். சரியான நியதி. ஆனால் அதே நியதியைத் தன் வாசிப்புக்கும் அவர் ஏற்க வேண்டும்.

அப்படி ஏற்றால் என்ன நேரும் என்பதை இந்தியாவில் முப்பதாண்டு முன்னரே ஒருவர் காட்டியிருந்தார். 1820இல் ‘இயேசுவின் போதனைகள்’ என்ற தொகுப்பை ராம்மோகன் ராய் வெளியிட்டபோது, செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் அவரைத் தாக்கினார். 1821, 1823ஆம் ஆண்டுகளில் ‘விண்ணப்பம்’ என்ற தலைப்பில் வெளியிட்ட நூல்களில் ராய் எபிரேய மூலத்தோடு மறுமொழி சொன்னார். கடைசி விண்ணப்பத்தை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்ததால் தாமே அச்சகம் அமைத்தார். ஏசாயா 7, 9 அதிகாரங்களை யூதாவின் அரசன் ஆகாஸின் காலத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பது அவர் நிலை. எருசலேமை இரு அரசர்கள் நெருக்குகிறார்கள். பிறக்கவிருக்கும் குழந்தை வளருமுன் அந்த ஆபத்து நீங்கும் என்பது ஆகாஸுக்குத் தரப்பட்ட அடையாளம். ஏழு நூற்றாண்டு கழித்து நிகழ்வது அவனுக்கு அடையாளமாக முடியாது. இயேசுவின் அறத்தை உயிராக மதித்த ஒருவரே இதைச் சொன்னார். தீர்க்கதரிசன வாதத்தை மறுப்பதும் இயேசுவை மறுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு ராயைவிடத் தெளிவான சான்று இந்திய வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

புராணங்களைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு இன்னொரு சான்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விஷ்ணு, மத்ஸ்ய, வாயு, பாகவத புராணங்களில் கலியுக அரசர் பட்டியல் எதிர்காலத்தில் சொல்லப்படுகிறது. நந்தர் வருவர், மௌரியர் வருவர், சுங்கர், ஆந்திரர் ஆள்வர் என்று பெயரும் ஆண்டுக்கணக்குமாகச் செல்லும் பட்டியல், குப்தர் கங்கைக்கரையில் தலையெடுக்கும் காலத்தோடு மங்கி, பிறகு மிலேச்சரின் கொடுமை, கல்கியின் வருகை என்ற பொதுவான சித்திரத்தில் கலந்துவிடுகிறது. 1913இல் இப்பகுதிகளைத் தொகுத்துப் பதிப்பித்த பார்ஜிட்டர் முதல் இன்றைய வரலாற்றாசிரியர் வரை, விவரம் எங்கே மங்குகிறதோ அங்கேதான் பட்டியல் எழுதப்பட்ட காலம் என்று கொள்கிறார்கள். 1897இல் பம்பாய் வெங்கடேசுவர அச்சகம் வெளியிட்ட பவிஷ்ய புராணம் ஆதாம், நோவா, ஈசா மசீகா, அக்பர் எனச் சென்று விக்டோரியா அரசிவரை முன்னறிவிக்கிறது. அதை வைத்து வியாசரின் தெய்வ ஞானத்தை நிறுவ முயல்பவரை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எனக்கு அறிமுகமான எந்தக் கிறித்தவரும் ஏற்கமாட்டார். அவர் மறுப்பது நியாயமே.

அந்த நியாயம் தானியேல் நூலின் 11ஆம் அதிகாரத்துக்குப் பொருந்தாமல் போக வழியில்லை. பாரசீக அரசர், அலெக்சாண்டர், அவனுக்குப் பின் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட வம்சங்களின் திருமணங்களும் போர்களும் எல்லாம் வியக்கத்தக்க துல்லியத்தோடு வருகின்றன. நான்காம் அந்தியோகஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கி.மு. 167வரை அந்தத் துல்லியம் குறையவில்லை. பின்பு அவன் மீண்டும் எகிப்தை வென்று, கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் இடையே பாளயமிறங்கி முடிவடைவான் என்கிறது நூல். அவனோ கி.மு. 164இல் பாரசீகப் பக்கம் இறந்தான். தானியேல் அந்தியோகஸின் காலத்தில் எழுதப்பட்டது என்று கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே தத்துவஞானி போர்ஃபிரி வாதிட்டார். அவர் நூலை எரிக்க கி.பி. 448இல் பேரரசின் ஆணை பிறந்தது. அந்த வாதத்தை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அதை மறுத்தெழுதிய ஜெரோமின் உரை வழியாக.

நிகழ்ந்தபின் எழுதப்பட்டது என்ற இந்த விடை எல்லா இடத்துக்கும் போதாது. 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோல்சுருள் கி.மு. 2ஆம் நூற்றாண்டினது. பாடுபடும் தாசனைப் பற்றிய 53ஆம் அதிகாரம் அதில் முழுமையாக இருக்கிறது. ஆக, அது இயேசுவுக்குப் பின் எழுதப்பட்டதன்று. இதில் ஐயத்துக்கு இடமில்லை. தீர்க்கதரிசன வாதத்தின் மிக வலுவான தளம் இதுவே. ஆனால் ஒப்பிட வேண்டிய மறுபாதி எங்கே இருக்கிறது? இயேசுவின் இறுதி நாட்களை எழுதியவர்கள் ஏசாயாவையும் 22ஆம் சங்கீதத்தையும் நெஞ்சில் சுமந்தவர்கள். கழுதையின்மேலும் அதன் குட்டியின்மேலும் அரசன் வருவதாகச் சகரியா கவிதை மரபில் ஒன்றையே இருமுறை சொல்கிறார். மாற்குவில் ஒரே குட்டி வருகிறது, மத்தேயுவில் இரண்டு விலங்குகள் வந்து நிற்கின்றன. இதை வஞ்சனை என்று நான் சொல்லமாட்டேன். தம் ஆண்டவரின் வாழ்வை வேதத்தின் ஒளியில் அன்றி அவர்களால் நினைக்கவே முடியவில்லை. ஆனால் முன்னறிவிப்பின் சொற்களால் நெய்யப்பட்ட விவரணம், அந்த முன்னறிவிப்புக்குத் தனிச்சாட்சி ஆகாது. நிறைவேற்றத்தைக் கண்டவரின் நிலை வேறு, நிறைவேறியதாகச் சொல்லப்பட்டதைப் படிப்பவரின் நிலை வேறு என்று 1777இல் ஜெர்மானியச் சிந்தனையாளர் லெஸ்ஸிங் வேறுபடுத்தியதன் முழு எடையும் இங்கே விழுகிறது.

யூதரின் சிதறல் பற்றிய உபாகமம் 28ஆம் அதிகாரம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இன்னொன்று. பூமியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சிதறுவார்கள், எந்த இனத்தாரிடையிலும் அவர்கள் உள்ளங்காலுக்கு இளைப்பாறுதல் இராது என்று அது எச்சரிக்கிறது. ஐரோப்பிய வரலாற்றைப் பார்த்தவர்களுக்கு அது நடுங்கவைக்கும் துல்லியமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கேரளத்திலிருந்து பார்த்தால் கதை மாறுகிறது. சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு பல்லக்கும் குடையும் வரிவிலக்கும் தந்து, ஒரு யூதத் தலைவரை நாட்டின் உயர்குடியாக்கியது. 1568இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி ஜெபாலயம் அரண்மனைக்கு அடுத்தே நிற்கிறது. 1662இல் அது தாக்கப்பட்டது போர்த்துகீசியரால். உள்ளூர் அரசனோ அக்கம்பக்கத்தாரோ அதைச் செய்யவில்லை. தில்லி ஹுமாயூன் சாலையில் 1956இல் எழுந்த ஜூடா ஹயாம் ஜெபாலயமும் இன்றும் நடக்கிறது. ஐரோப்பாவில் யூதரை இளைப்பாறவிடாமல் துரத்தியவர்களுள் அந்த வசனத்தையே நியாயமாகக் காட்டியவர்கள் இருந்தனர் என்பதை நினைத்தால், இந்தச் சான்றைக் கையாளும்போது நம் குரல் தாழ வேண்டும். மனிதர் செய்த கொடுமையைக் கடவுளின் கையெழுத்தாக வாசிப்பது அறிவுப்பிழை மட்டுமன்று.

இனி, நூலுக்குள்ளேயே வருவோம். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாதது என்று உபாகமம் 18 ஒரு சோதனையை வைக்கிறது. பொய்யைத் தள்ள உதவும் சோதனை அது. மெய்யை நிறுவும் சோதனை அன்று. 13ஆம் அதிகாரம் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: ஒரு தீர்க்கதரிசி அடையாளம் சொல்லி அது நடந்தேவிட்டாலும், வேறு தேவர்களிடம் அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்கலாகாது. நிறைவேற்றம் தன்னளவில் தெய்வ வாக்குக்குச் சான்று என்ற வாதத்தின் வேரை இந்தச் சில வரிகள் அறுக்கின்றன. பேசுபவர் எந்தக் கடவுளிடம், எந்த அறத்திடம் அழைக்கிறார் என்பதை வைத்தே அவரை அளக்கச் சொல்கிறது உபாகமம்.

எதிராக ஏசாயா 41 இருக்கிறதே எனலாம். வருவதைச் சொல்லுங்கள், நீங்கள் தேவர்கள் என்று அறிவோம் என விக்கிரகங்களுக்கு அங்கே சவால் விடப்படுகிறது. தீர்க்கதரிசனத்தைச் சான்றாக நிறுத்தும் இடம்தான் அது, மழுப்பக்கூடாது. ஆனால் அந்த நீதிமன்றத்தில் சாட்சிகள் யார்? நீங்களே என் சாட்சிகள் என்று 43, 44ஆம் அதிகாரங்கள் பாபிலோனில் சிறையிருந்த அக்காலத்து மக்களையே சுட்டுகின்றன. முன்பு சொல்லப்பட்டதைத் தாங்களே கேட்டவர்கள், பாரசீக மன்னன் கோரேசு எழுவதைத் தாங்களே கண்டவர்கள். அவர்களுக்கு அது சான்றாயிருந்திருக்கலாம். சாட்சியத்தின் அந்த வலிமையை இருபத்தைந்து நூற்றாண்டு கடந்து நாம் மரபுரிமையாகப் பெற முடியாது.

எசேக்கியேலின் தீரு நகர அறிவிப்பையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் அதைச் சூறையாடி அழிப்பான் என்று 26ஆம் அதிகாரம் சொல்கிறது. நீண்ட முற்றுகைக்குப் பின்னும் அவன் படைக்கு அங்கே கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்து தரப்படும் என்று 29ஆம் அதிகாரம் பதிவுசெய்கிறது. அலெக்சாண்டர் கி.மு. 332இல் அந்நகரைப் பிடித்ததைக் காட்டி முதல் அறிவிப்பைக் காக்க முயல்பவர்கள் உண்டு. எசேக்கியேலுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. நிறைவேறாததை மறைக்காமல் அதே நூலிலேயே எழுதிவைத்தார்.

மீகாவின் கதை இதைவிடத் தெளிவானது. சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று அவர் அறிவித்தார். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து எரேமியாவைக் கொல்லத் துடித்த கூட்டத்தின் முன் மூப்பர்கள் இதையே எடுத்துச் சொல்கிறார்கள்: அன்று எசேக்கியா ராஜா மீகாவைக் கொல்லவில்லை, கர்த்தருக்குப் பயந்தான், தீங்கு விலகியது. நடக்காமல் போன ஒரு முன்னறிவிப்பு அங்கே எரேமியாவின் உயிரைக் காக்கும் முன்மாதிரியாக நிற்கிறது. மீகாவை அதனால் பொய்யர் என்று அந்த மூப்பருள் எவரும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் வேதபாடம் நடத்தும் தில்லித் தமிழ்ச் சபைகளில் ஏசாயா 53க்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை எரேமியா 26க்குக் கொடுத்தால், தீர்க்கதரிசிகள் எதற்காகப் பேசினார்கள் என்ற கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.