தலையில் ஹெல்மெட் இருந்தால் மட்டும் போதுமா? உங்க சைஸ் சரிதானா... நீங்களே செக் பண்ணலாம்!

தூரத்தில் போலீஸ் நிற்பதைப் பார்த்ததும், டேங்க் மேல் இருக்கும் ஹெல்மெட்டை எடுத்து தலையில் கவிழ்த்துக்கொள்பவர்கள் ஏராளம். ஸ்ட்ராப் மாட்டுவது கிடையாது. சைஸும் ஏதோ ஒன்று. அபராதத்தில் இருந்து தப்பிக்க இது போதும் என்று நினைக்கலாம். ஆனால், கீழே விழும் அந்த நொடியில் ஹெல்மெட் தலையிலேயே இருக்குமா என்பதுதான் கேள்வி.

உண்மையில் சட்டமும் இதை ஏற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஹெல்மெட்டை ஸ்ட்ராப் போட்டு தலையில் இறுக்கமாக அணிய வேண்டும் என்கிறது. மீறினால் 194-டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம் உண்டு. 3 மாதங்களுக்கு லைசென்ஸும் பறிபோகலாம்.

லூஸாக இருந்தால் என்ன ஆகும்?

பைக் விபத்தில் தலை ஒரு முறை மட்டும் அடிபடும் என்று சொல்ல முடியாது. முதலில் எதிரே வந்த வண்டியில் மோதும், அடுத்து ரோட்டில் விழும், பிறகு தடுப்புச் சுவரில் இடிக்கும். லூஸான ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று பறந்துவிடலாம். அடுத்த அடி வெறும் தலையில்தான் விழும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்குள் தெர்மாகோல் போன்ற ஒரு அடுக்கு இருக்கும். மோதும்போது இது நசுங்கி, அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு, தலை சட்டென்று நிற்காமல் வேகத்தைக் குறைக்கும். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே காலி இடம் இருந்தால், இந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்காது.

ஹெல்மெட் அணிவது உயிரிழக்கும் ஆபத்தை சுமார் 42 சதவிகிதமும், தலைக்காய ஆபத்தை சுமார் 69 சதவிகிதமும் குறைப்பதாக 2008-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. கழன்று விழும் ஹெல்மெட்டிடம் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

தலையின் அளவை எடுப்பது எப்படி?

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்து அளக்கலாம்.

* புருவத்துக்கு மேல் சுமார் ஒரு இஞ்ச் விட்டு டேப்பை வையுங்கள்.
* காதுகளுக்கு மேலே கொண்டுபோய், பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றுங்கள்.
* இரண்டு, மூன்று முறை அளந்து, பெரிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு 58 செ.மீ. என்றால், ஹெல்மெட்டில் 580 மி.மீ. அல்லது 58 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம், எல் என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் எம் சைஸ் இன்னொரு கம்பெனியில் எல் சைஸாக இருக்கலாம். தலையின் வடிவமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஆன்லைனில் வாங்கினாலும், போட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கடையிலேயே செய்ய வேண்டிய 5 சோதனைகள்

1. கன்னம்: முழு முக ஹெல்மெட்டில் இரண்டு பக்க பஞ்சும் கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும். ஹெல்மெட்டின் முன் விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பின்பக்கமாகச் சாய்ந்து நெற்றி முழுக்கத் தெரிந்தால் தவறு.

2. அசைவு: ஹெல்மெட்டை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரியான சைஸ். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் பெரிய சைஸ்.

3. ஸ்ட்ராப்: தாடைக்குக் கீழே இறுக்கி மாட்டுங்கள். ஸ்ட்ராப்புக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி கூடாது.

4. கழற்றும் சோதனை: இதுதான் முக்கியம். ஸ்ட்ராப் போட்ட நிலையில், ஹெல்மெட்டின் பின் அடிப்பகுதியைப் பிடித்து முன்பக்கமாக மேலே தள்ளுங்கள். கழன்று வந்தால், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது உங்களுக்கான ஹெல்மெட் இல்லை.

5. பத்து நிமிடம்: போட்டபடியே கடையில் 10 நிமிடம் இருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்த தடமோ வலியோ இருந்தால், வேறு சைஸ் அல்லது வேறு மாடல் பாருங்கள்.

"டைட்டா இருக்கே..." என்று பெரிய சைஸ் வாங்கலாமா?

பலரும் செய்யும் தவறு இதுதான். புது ஹெல்மெட்டில் கன்னம் கொஞ்சம் அழுந்துவது சரியானதே. போடப் போட பஞ்சு அமுங்கி இடம் கொடுக்கும். கடையிலேயே தளர்வாக இருந்தால், சில மாதங்களில் தலையில் ஆட ஆரம்பித்துவிடும். ஆனால் நெற்றியில் வலியோ தலைவலியோ வந்தால் அது சின்ன சைஸ்.

கொண்டை, கிளிப், பூ வைத்திருந்தால்?

உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் முழுதாக இறங்காது. கடினமான கிளிப், அடிபடும்போது தலையில் குத்தலாம். முடியைக் கழுத்தோரம் தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது. பூவைப் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். தடிமனான துணியைக் கட்டி அதன் மேல் ஹெல்மெட் போடுபவர்கள், அதே துணியோடு அளவைச் சரிபார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கு?

4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்கும் ஹெல்மெட் அணிவிக்க வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அப்பாவின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிடுவது பாதுகாப்பல்ல. அது குழந்தையின் கண்ணை மறைக்கும், கழுத்துக்கும் பாரம். குழந்தையின் தலையை அளந்தே வாங்க வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இரு சக்கர வாகன ஹெல்மெட்டை மட்டுமே விற்க முடியும். முத்திரையுடன் ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். ரோட்டோரம் கிடைக்கும் போலி முத்திரைகளிடம் உஷார்.

எப்போது மாற்ற வேண்டும்?

விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே ஒருமுறை நசுங்கிய அடுக்கு பழையபடி வேலை செய்யாது. பஞ்சு தளர்ந்து தலையில் ஆடினாலும், ஸ்ட்ராப் நைந்தாலும் மாற்ற வேண்டும். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் ஓடு கெட்டுப்போகும். தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும்.

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் அப்பா, அம்மா, கல்லூரி போகும் பிள்ளை என மூன்று பேருக்கும் ஒரே ஹெல்மெட்தான். அப்பாவின் தலைக்கு வாங்கியது மற்ற இருவருக்கும் பொருந்துமா? இன்றைக்கே ஒவ்வொருவரையும் போடச் சொல்லி, நான்காவது சோதனையைச் செய்து பாருங்கள். யாருக்குக் கழன்று வருகிறதோ, அவருக்கு உடனே தனி ஹெல்மெட் வாங்குங்கள்.