நாட்டு நாயும் வெறிநோயும்

பினாங்கில் சுங்கை பினாங் வட்டாரத்தை அடுத்துள்ளது ஜெலுத்தோங். அங்கே விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் இயங்கி வருகிறது. நாய் வளர்க்க விழைவோருள் பலர் அயல்நாட்டு இனங்களையே நாடுவர். நாட்டு நாய் காப்பகத்திலேயே காத்துக் கிடக்கும். வெறிநோயைப் பரப்பும் இனம் அதுவே என்பது அதன் மீது படிந்த பழைய பழி.

2013-இல் வெறிநோயற்ற நாடென அறிவிக்கப்பெற்ற மலேசியாவில், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. செப்டம்பரில் பினாங்கு அரசு தெருநாய்களைக் கொல்ல முற்பட்டது. நோயற்ற நாய்களும் மாண்டன. விலங்குநல அமைப்புகள் எதிர்த்தன. தடுப்பூசியே தீர்வு என்றன.

இவ்வுண்மையைச் சென்னை முன்னரே பட்டறிந்தது. அந்நகரில் நூறாண்டுக்கும் மேலாக நாய்களைக் கொன்றும் அவற்றின் தொகை குறைந்திலது. 1959-இல் தோன்றிய புளூ கிராஸ், 1964 முதல் கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என வாதிட்டது. 1996-இல் நகர் முழுவதும் அவ்வழி நடைமுறைக்கு வந்தது. கொன்ற நாய்களின் இடத்திற்கு, ஊசி போடப்படாத புதிய நாய்கள் வந்து சேரும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி இட்டாலோ, நோய் பரவும் வழி அடைபடும் என்பர் மருத்துவ அறிஞர்.

வெறி நோயின் இயல்பு. நாட்டு நாயின் இயல்பன்று.