வளைந்த வாலும் வளைந்த முதுகும்

வடாலாவில் நாம் வாழும் குடியிருப்பில் அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பத்தார் பக் ஜாதி நாய்க்குட்டி ஒன்றை வளர்த்து வந்தனர். ஓராண்டு நிரம்புமுன் அதன் பின்னங்கால்கள் தளர்ந்தன. கட்டிலிலிருந்து அதனைக் குதிக்க விட்டதே காரணம் என்று தாயார் தம் மகனைக் கடிந்துகொண்டார். குட்டியைத் துணியில் ஏந்திப் பரேலுக்குச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். எக்ஸ்ரே படம் உண்மையைக் காட்டிற்று. முதுகெலும்பின் கண்ணிகளுள் ஒன்று சதுரமாக இராமல் ஆப்பைப் போல் ஒருபுறம் குறுகியிருந்தது. குட்டி கருவிலிருந்தே கொண்டுவந்த குறை அது. சிறுவன் மீது குற்றமில்லை.

அங்ஙனமாயின் குற்றம் யாருடையது? விடை காண வரலாற்றை நாட வேண்டும்.

பக் நாய் சீனத்தில் தோன்றி, ஹாலந்து வழியாக இங்கிலாந்து சேர்ந்தது. ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1745-ஆம் ஆண்டில் தம்மையும் தம் பக் நாயையும் ஒருங்கே தீட்டினார். அந்நாயின் முகம் இன்றைய பக்கின் முகம்போல் தட்டையானதன்று, மூக்கு நீண்டிருந்தது. புல்டாக்கின் கதையும் இத்தகையதே. எருதுகளோடு பொருத வளர்க்கப்பட்ட நாய் அது. அக்கொடிய விளையாட்டை 1835-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததும் அதன் தொழில் போயிற்று. உருவமே அதன் மதிப்பாயிற்று.

1859-ஆம் ஆண்டில் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பெற்றது. வம்சாவளிகள் ஏட்டில் ஏறின. அழகிற்கு இலக்கணம் வகுத்தனர். பரிசு பெற்ற நாயின் வழியிலேயே குட்டிகளைப் பெருக்கினர். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்தனர். அழகோடு குறையும் தலைமுறைதோறும் இறங்கிற்று. புல்டாக்கின் திருகுவால் இதற்குச் சான்று. வாலெலும்புகள் உருக்குலைந்தமையே அத்திருகு. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை அறிஞர்கள் 2018-இல் கண்டறிந்தனர். வாலில் நின்றால் தீங்கில்லை. அதே குறை முதுகில் அமைந்து தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் தளரும். சிறுநீரை அடக்கும் ஆற்றலும் போகும்.

நீண்ட உடலும் குறுங்கால்களும் உடைய டாக்ஸ்ஹண்டுக்கு வேறு துன்பம். வளைக்குள் புகுந்து வேட்டையாட ஜெர்மானியர் வளர்த்த நாய் இது. இதன் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகள் இளமையிலேயே கெட்டிப்பட்டுப் பிதுங்குகின்றன. இதற்கும் ஒரு மரபணுவே காரணம் என்பது 2017-இல் தெளிவாயிற்று.

2008-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சி இக்குறைகளை அம்பலப்படுத்திற்று. மறு ஆண்டே கென்னல் கிளப் இலக்கணங்களைத் திருத்திற்று; தாய்க்கும் மகனுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்ய மறுத்தது.

நம் நாட்டிலோ, 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த கைப்பேசி விளம்பரம் ஒன்று பக் நாயை வீடுதோறும் விரும்பச் செய்தது. தேவை பெருகியதும் பெற்றோரை ஆராயாமல் குட்டிகளைப் பெருக்குவோரும் பெருகினர். மைய அரசு 2017-இல் விதிகள் வகுத்தது. விற்பனைக்காக நாய் வளர்ப்போர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

நம் ஊர் நாய்கள் இக்குற்றத்திற்கு விலக்கு என்று பெருமை கொள்வதற்கில்லை. வெண்ணிறம் போற்றப்படும் இராஜபாளையம் நாய்களிடையே பிறவிச் செவிடு காணப்படுகின்றது. ஒற்றை அழகை நாடினால் எவ்வினமும் விலை கொடுக்கும்.

ஆகவே குட்டி வாங்க விழைவோர் அதன் தாய் தந்தையரை நேரில் கண்டு, அவற்றின் முதுகெலும்புப் படத்தையும் கேட்டறிதல் நலம். காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருத்தல் அதனினும் நலம்.

நம் அண்டை வீட்டுக் குட்டி இன்றும் பின்னங்கால்களை இழுத்தே நடக்கின்றது. அச்சிறுவன்தான் அதனை நாள்தோறும் தூக்கிச் செல்கின்றான். தாயார் இப்பொழுது அவனைக் கடிவதில்லை.