நிலாச் சாடி யாருடையது?

கொரியா எண்டதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வாறது நாடகங்களும் பாட்டுகளும்தான். நாங்கள் இங்கே கதைக்கப் போறது ஒரு வெள்ளைச் சாடியைப் பற்றி. லண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் அந்தச் சாடியில் பூவும் இல்லை, கோடும் இல்லை. கொரியர்கள் அதை 'தால் ஹங்ஆரி', அதாவது நிலாச் சாடி என்கிறார்கள். ஜோசொன் அரசு காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை இப்படியான சாடிகள் செய்யப்பட்டன. இவ்வளவு பெரிய சாடியை ஒரே தடவையில் சக்கரத்தில் வனைந்தால் ஈரமண் சரிந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களை வனைந்து, ஒன்றின் மேல் மற்றதைக் கவிழ்த்து ஒட்டினார்கள். ஒட்டின இடம் கொஞ்சம் பிதுங்கும், சூளையில் ஒரு பக்கம் சரியும். முழு வட்டமாக இல்லாததுதான் அதின்ர அழகு.

இண்டைக்கு வேல்ஸ் நாட்டில் அடம் பியூக் என்ற குயவர் நிலாச் சாடிகள் செய்கிறார். தன் ஊர் மண்ணையும் கல்லையும் களிமண்ணோடு கலக்கிறார். லண்டனில் வாழும் யப்பானியரான அகிகோ ஹிராயும் செய்கிறார். ஒரு கொரியக் கலையை வேறு பண்பாட்டுக் கலைஞர்கள் செய்வதில் என்ன பிழை என்று கேட்கலாம். பிழை எண்டு நாங்கள் சொல்லேல்ல. ஆனால் இந்தக் கை மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

1592 முதல் 1598 வரை யப்பான் கொரியாவின் மேல் படையெடுத்தது. யப்பானியப் பிரபுக்களுக்குத் தேநீர்ச் சடங்கில் கொரியக் கிண்ணங்களின் மேல் அவ்வளவு மோகம். திரும்பும்போது படைகள் குயவர்களையே பிடித்துக்கொண்டு போயின. இந்தப் போரைக் 'குயவர் போர்' என்றும் சொல்லுவார்கள். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர் யி சாம்-பியோங். அவர் அரித்தா என்ற ஊரில் வெண்களிமண்ணைக் கண்டெடுத்து, 1616இல் யப்பானின் முதல் பீங்கானைச் செய்தார் என்பது மரபு. பிறகு டச்சுக்காரர்கள் அரித்தாப் பீங்கானை ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். அங்கே அது யப்பானியப் பொருளாகவே பேர் எடுத்தது. அரித்தாவில் யி சாம்-பியோங்கை இன்றும் கோயிலில் வைத்து வணங்குகிறார்கள். சிறைப்பட்ட மற்றக் குயவர்களில் பெரும்பாலானோருக்குப் பேரும் மிஞ்சவில்லை.

இரண்டாம் கட்டம் குடியேற்ற ஆட்சியில் தொடங்குது. 1910இல் யப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. 1914இல், கொரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த அசகாவா நொரிதகா, யானகி சொஎத்சு என்ற யப்பானியச் சிந்தனையாளரிடம் ஒரு ஜோசொன் பீங்கானைக் கொண்டுபோனார். யானகியின் வாழ்க்கையையே அது திருப்பிவிட்டது. 1919 மார்ச் எழுச்சியை யப்பான் இரத்தத்தில் அடக்கியபோது, கொரியர்களுக்காக யப்பானியப் பத்திரிகையில் எழுதிய மிகச் சிலரில் அவர் ஒருவர். அரண்மனையின் குவாங்ஹ்வாமுன் வாயிலை இடிக்கும் திட்டத்தை எதிர்த்து 1922இல் எழுதினார். வாயில் இடிபடாமல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. 1924இல் அதே அரண்மனை வளாகத்தில் கொரிய நாட்டார் கலைக்கு ஒரு நூதனசாலையும் திறந்தார்.

ஆனால் யானகி கொரியக் கலையைத் 'துயரத்தின் அழகு' என்றார். வெள்ளை நிறம் அழுகையின் நிறமாக அவருக்குப் பட்டது. பிற்காலக் கொரிய விமர்சகர்கள் இதைச் சும்மா விடவில்லை. ஆண்டவன் நாட்டிலிருந்து வந்தவர், ஆளப்பட்ட மக்களைச் சோகத்துக்குள் அடைப்பது நியாயமா? அன்பாகச் சொன்னாலும் அது குடியேற்றப் பார்வைதானே? எங்களுக்கும் இந்தக் கேள்வி சரியாகத்தான் படுது.

யானகிக்குப் பக்கத்தில் நொரிதகாவின் தம்பி தகுமியை வைத்துப் பார்க்கலாம். காடு வளர்ப்புத் துறையில் வேலை பார்க்கக் கொரியா போனவர். கொரிய மொழியைப் படித்தார், கொரிய உடை உடுத்தார். சாப்பாட்டு மேசைகளைப் பற்றி 1929இல் ஒரு புத்தகம் எழுதினார். மட்பாண்டங்களுக்குக் கொரியர்கள் வழங்கும் பேர்களைத் திரட்டிய மற்றப் புத்தகம், 1931இல் அவர் நாற்பது வயதில் இறந்த பிறகு வெளிவந்தது. அவரின் பாடையைச் சுமக்கக் கொரியக் கிராமத்தவர்கள் முன்வந்தார்கள். கல்லறை இன்றும் சோல் நகரில், மாங்குரியில் இருக்கு.

லண்டன் சாடிக்கு வருவோம். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச், யானகியின் நண்பர். 1935இல் சோல் நகரில் அந்தச் சாடியை வாங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது லூசி ரீ என்ற குயவரிடம் போனது. அவர் நாசிகளிடமிருந்து தப்பி 1938இல் வியன்னாவிலிருந்து லண்டன் வந்த யூதப் பெண். 1995இல் இறக்கும்வரை சாடி அவர் வேலைக்கூடத்திலேயே இருந்தது. 1999இல் நூதனசாலை வாங்கியது.

படைவீரர் குயவரைத் தூக்கிக்கொண்டு போனார். யானகி கொரியக் கலைக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தகுமி அந்த மக்கள் தங்கட பொருட்களுக்கு வைத்த பேர்களைக் கேட்டு எழுதினார். மூன்று பேரும் அந்தக் கலையை விரும்பினார்கள்தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. வேறு பண்பாட்டவர் ஒரு கலையைக் கையில் எடுக்கலாமா என்று கேட்பதோடு நாங்கள் நிற்கத் தேவையில்லை. அவர் யாரிடம் கேட்டுப் படித்தார், அவர்களின் பேரைச் சொல்கிறாரா என்பதையும் கேட்போம். நிலாச் சாடியின் அடியில் அதைச் செய்த குயவரின் பேர் இல்லை. அதைப் பார்த்துச் செய்கிறவர்கள் அது ஜோசொன் குயவர்களின் வேலை என்றாவது சொல்லத்தான் வேணும்.